அறுக்கும்போது நடுவில் கொஞ்சம் விடுவது ஏன்?

கேள்வி: மரம் வெட்டும் குழுவில் புதுசா சேர்ந்திருக்கேன். தூரை முழுசா அறுக்காம நடுவில் ஒரு பட்டை விடுறாங்க. எதுக்கு?

பதில்: அதுதான் கீல் மாதிரி. விழுற பக்கம் ஆப்பு வடிவத்தில் வாய் வெட்டி, அப்புறம் பின்னாலிருந்து அறுப்போம். இடையில் விட்டத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு நிற்கணும். மரம் திசை மாறாம சாயுறது அதனாலதான். அதையும் அறுத்துட்டா மரம் தன் இஷ்டத்துக்குப் போகும். ரொம்பச் சாஞ்ச மரம்னா இன்னும் மோசம்: பாதி வெட்டிலேயே தூர் நெடுக்கப் பிளந்து பின்பக்கம் எகிறும். பின்னால நிக்கவே நிக்காதீங்க.

பதில்: வீட்டு மேல சாஞ்சதுன்னா இந்தக் கதையே கிடையாது. ஏறி, வடம் கட்டி, துண்டு துண்டா இறக்கணும். நான் கீழே வடம் பிடிக்கிற ஆள். வடத்தைக் கையில் சுத்திக்காதீங்க. அடிமரத்தில் சுத்தித் தளர்த்துங்க.

கேட்டவர்: சரிண்ணே. இப்போதைக்கு கிளை இழுத்துப் போடுறதுதான் என் வேலை.