பேட்டரித் தண்ணீருக்கு ஒரு சொல்: ஈடுநீர்

வணக்கம்.

கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவோருக்கான எச்சரிக்கைப் பலகையில் "பேட்டரி தண்ணி" என்றே எழுதலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பேச்சுவழக்கில் அதற்கு இரண்டு பொருள். மூடியைத் திறந்தால் தகடுகளின்மேல் நிற்பதும் பேட்டரி தண்ணி, குறைந்தால் ஊற்றுவதும் பேட்டரி தண்ணி. முன்னது கந்தக அமிலக் கரைசல், பின்னது வெறும் நீர். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், குறைந்த இடத்தில் ஆசிட் ஊற்றத்தான் கை போகும்.

குறைவது நீர் மட்டுமே. 12 வோல்ட் பேட்டரியில் சார்ஜ் 14.4 வோல்ட்டை நெருங்கும்போது நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போய்விடுகிறது. அமிலம் உள்ளேயே தங்குகிறது. அதன்மேல் அமிலம் சேர்த்தால் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) ஏறி, காரீயத் தகடுகள் அரிக்கும். போன நீருக்கு ஈடாக ஊற்றுவதால் "ஈடுநீர்" என்கிறேன்.

காய்ச்சி வடித்த நீரைக் குறிக்கும் "தீநீர்" அழகான சொல்தான். ஓமத் தீநீர் நாம் அறிந்ததே. ஆனால் பேட்டரிப் பக்கத்தில் "தீ" என்று எழுதினால் படிப்பவர் திராவகம் என்றே எடுத்துக்கொள்வார். "காய்ச்சி வடித்த நீர்" என்பதும் முழுக்கப் பொருந்தாது. பிசின் வழியே செலுத்தி அயனி நீக்கிய நீரும் இதற்கென விற்கிறது, அது காய்ச்சியதே இல்லை. தூய்மையைக் குறிக்க "தாதுநீக்கிய நீர்" இருக்கட்டும். சிங்கப்பூர்க் குழாய்நீர் குடிக்க உகந்தது, பேட்டரிக்கு ஆகாது. அதிலுள்ள குளோரைடு நேர்த்தகட்டை அரிக்கும். இரும்பு சேர்ந்தால் சும்மா நிற்கும்போதே சார்ஜ் இறங்கும்.

பலகைக்கு என் வரைவு:

"முழு சார்ஜ் ஏறிய பிறகே ஈடுநீர் ஊற்றவும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றி, சார்ஜ் முடிந்ததும் மீதியை நிரப்பவும். மூடிக்குக் கீழுள்ள நிரப்புக்குழலின் அடிவிளிம்புக்கு 3 முதல் 6 மி.மீ. கீழே மட்டத்தை நிறுத்தவும்."

முன்பே நிரப்பிவிட்டால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து அமிலம் வழியும், பேட்டரி வைத்திருக்கும் தட்டு அரிக்கும். இன்னொன்று: ஊற்றிய கையோடு ஒப்படர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை வைக்கக்கூடாது. ஈடுநீர் கலக்காமல் மேலேயே நிற்பதால், 1.28 காட்டவேண்டிய கலமும் குறைத்துக் காட்டும். "ஆசிட் பத்தவில்லை" என்ற தவறான முடிவு பல நேரம் இங்கேதான் பிறக்கிறது.

—

ஐயா, வணக்கம்.

ஈடுநீர் எனக்கு உடன்பாடே. ஆனால் கட்டடக் குளிரூட்டிகளின் குளிர்கோபுரத்தில் ஆவியாகும் நீருக்கு ஈடாக விடுவதும் ஈடுநீர்தான். இங்கே சிங்கப்பூரில் அதற்கு நியூவாட்டர் எனும் மறுசுழற்சி நீர் பயன்படுகிறது. அது மிகத் தூயது என்றாலும் சிறிதளவு உப்பு அதிலும் உண்டு; பெயர் ஒன்றாயிருந்தால் அதைப் பிடித்து பேட்டரியில் ஊற்றக்கூடும். எனவே பலகையில் ஒருமுறையாவது "பேட்டரி ஈடுநீர்" என்று முழுதாக எழுதுவோம்.

உள்ளிருப்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் மின்பகுளி என்கிறது, இலங்கை நூல் மின்பகுபொருள் என்கிறது. பலகைக்கு "அமிலக் கரைசல்" போதும், ஆபத்து பெயரிலேயே தெரிகிறது.

"பராமரிப்பற்ற பேட்டரி" (maintenance-free) என்ற வழக்கையும் இத்தோடு மாற்றிவிடலாம். கவனிப்பாரற்றுக் கிடப்பது போல ஒலிக்கிறது. அந்த வகையில் தகட்டுச் சட்டத்தில் ஆண்டிமனிக்குப் பதில் கால்சியம் கலந்திருப்பதால் வாயு வெளியேற்றம் மிகக் குறைவு. "ஈடுநீர் வேண்டா பேட்டரி" என்றால் காரணமும் சேர்ந்தே வருகிறது.