2011 கோப்பா இத்தாலியா ஃபைனல் அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

பல்லாரோக்காரன்

மே 29, 2011. இத்தாலியின் கால்பந்துக் கோப்பையான கோப்பா இத்தாலியா, ரோமில் ஃபைனல். மிலான் ஊர் இன்டர் 3, எங்கள் சிசிலியின் பலெர்மோ 1. ஸ்கோர் எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். நான் அன்று ரோமுக்குப் போகவில்லை. ஒரு வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன், இரவு முழுக்க அவர் வீட்டில்தான். நொன்னோவுக்கு, அதாவது அந்தத் தாத்தாவுக்கு, எண்பது தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியாது. டிவியில் நிறம் அசைவது தெரியும், ஆள் தெரியாது. அதனால் நான்தான் பக்கத்தில் கட்டிலில் இருந்து சொல்லிக்கொண்டே வருவேன். பஸ்தோரேயிடம் பந்து, இலிச்சிச், திரும்பவும் பஸ்தோரே, பின்னால் பல்சரெத்தி, இப்படி.

அவர் 1974 ஃபைனலை ரோமில் நேரில் பார்த்தவர். பலெர்மோ அப்போது சீரி பி, இரண்டாம் டிவிஷன். பொலோன்யாவுக்கு எதிராக ஃபவால்லி போட்ட கோலில் 90 நிமிடம் வரை முன்னிலை, கடைசியில் புல்காரெல்லி பெட்டிக்குள் விழுந்தார், பெனால்டி, சவோல்டி அடித்தார், அப்புறம் பெனால்டி ஷூட் அவுட்டில் கப்பும் போனது. "புல்காரெல்லியை யாரும் தொடவில்லை" என்பதை நான் அந்த வீட்டில் இருந்த காலத்தில் வாரம் ஒரு தரமாவது கேட்டிருப்பேன், பாதி நாள் சூப் குடிக்கும்போது. 1979-இல் நாபோலியில் யுவென்டஸோடு ஆடியதற்கும் போனாராம். முதல் நிமிடத்திலேயே கோல் போட்டும் எக்ஸ்ட்ரா டைமில் தோற்றார்கள்.

சரி, 2011. 26-ஆவது நிமிடத்தில் இன்டரின் எட்டோ கோல், 76-இல் திரும்பவும் எட்டோ. நொன்னோ மாத்திரையைத் தா என்றார், தூங்கப் போகிறார் என்று நினைத்தேன். 88-இல் எங்கள் முன்யோஸ் கோல் போட்டார். தெருவே கத்தியது. நான் இரண்டு கையாலும் தூக்கினால்தான் எழும்பி உட்காருகிற மனிதர், தானாக எழும்பி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "90-ஆவது நிமிடத்தில் எங்களிடம் எடுத்தார்கள், இன்றைக்குத் திருப்பித் தருவார்கள்" என்றார். அவர் அப்படிச் சொல்லி இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, இன்டரின் மிலிட்டோ கோல்.

எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தவன் சொல்வதை நிறுத்திவிட்டேன். பத்து வினாடி இருக்கும். வெளியிலும் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் எதிர்வீட்டுத் தப்பரெல்லா, யன்னலுக்கு வெளியே சுருட்டி இறக்குகிற மறைப்பு, இறங்கும் சத்தம், கரகரவென்று. அதற்கு மேல் வீட்டில் ஒன்று. தெருக்கோடியில் ஒன்று. நொன்னோ தலையைச் சாய்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். என் கையை விட்டுவிட்டு "யார் அடித்தது?" என்றார். மிலிட்டோ என்றேன். டிவியை நிறுத்தச் சொன்னார்.

அவர் இப்போது இல்லை. அந்தச் செய்தியை என் வாயால் சொல்லியிருக்க வேண்டும், அடுத்த வீட்டு யன்னல்கள் சொல்லி அவர் தெரிந்துகொண்டார் என்பது இன்றைக்கும் மனதை அரிக்கிறது. ரோமுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


கூர்வா நோர்த்

நான் போனேன் அண்ணை.

டிக்கெட்டில் பெயர் இருக்க வேண்டும், தெரியும்தானே. என் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்தால் அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருக்கிற கட்டத்துக்குள் அடங்காது. டிக்கெட் தந்த பிள்ளை, போகிற வரைக்கும் அடித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டது. அப்பா பெயர் பாதியில் நிற்கிற அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்தே ரோம் வரைக்கும் போனேன். மெஸ்ஸினாவில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலுக்குள் தள்ளுவார்களே, அந்த இருட்டுக்குள் ஒவ்வொரு பெட்டியிலும் சுவரில் தட்டித் தட்டிப் பாடினார்கள், கப்பலின் வயிறே அதிர்ந்தது. மேலே போனால் தட்டு முழுக்க எங்கள் ரோஸ் கறுப்புக் கொடி. அன்று ரோமுக்கு வந்த எங்கள் ஆட்கள் முப்பதாயிரத்துக்கு மேல்.

கேட்டில் நடந்ததுதான் மறக்க முடியவில்லை. அங்கே நின்றவர் டிக்கெட்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரும்பவும் டிக்கெட்டைப் பார்த்தார், தள்ளி நில் என்று கையைக் காட்டினார். எனக்குப் பின்னால் ஒரு அம்மா, தோளில் பிள்ளை, பிள்ளையின் கன்னத்தில் ரோஸ் பெயின்ட். நான் அவரை அதற்கு முன் கண்டதே இல்லை. "இவர் எங்களோடு வந்தவர், எங்கள் வீட்டு ஆள்" என்று ஒரே போடாகப் போட்டார். விட்டார்கள். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாவைக் கூட்டத்தில் காணவில்லை. கடைசியில் கோச் டேலியோ ரோஸ்ஸி எங்கள் பக்கம் வந்து நின்று அழுதார், நாங்கள் எல்லோரும் எழுந்து கைதட்டினோம். நான் கைதட்டிக்கொண்டே அந்த ரோஸ் கன்னத்துப் பிள்ளையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நன்றி சொல்லவில்லை.


மதுரை நெராசூரி

நான் எதிர்ப்பக்கம், இன்டர். அப்போது மிலானில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஏப்ரலை இன்டர்காரர்கள் மறக்க முடியாது. 2-ஆம் தேதி ஒரே ஊர்க்காரர் ஏசி மிலானோடு ஆடிய டெர்பியில் 3-0 தோல்வி, மூன்றே நாள் கழித்து ஜெர்மனியின் ஷால்கேயிடம் சொந்த மைதானத்தில் 5-2. முதல் நிமிடத்தில் ஸ்டான்கோவிச் மைதானத்தின் நடுவிலிருந்து கோல் போட்டும் அந்த நிலைமை. லீக்கும் ஏசி மிலானுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது கோப்பா ஒன்றுதான்.

ஃபைனலை வீட்டுப் பக்கத்து பாரில் பார்த்தேன். மிலிட்டோ போட்டதும் கிளம்பிவிட்டேன், கடைசி டிராமைப் பிடிக்க வேண்டும். எங்கள் கேப்டன் சனெத்தி கப்பைத் தூக்குவதைப் பார்க்கவில்லை. முந்தின வருஷம்தான் மூன்று கப் வாங்கியிருந்தோம், சனெத்தி கப்பைத் தூக்குவதை அடுத்த வருஷமும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அந்த வயதில் தோன்றியது. அதற்கப்புறம் இன்டர் ஒரு கப் வாங்க 2021 ஆனது. பத்து வருஷம். சனெத்தி 2014-இல் ஓய்வே பெற்றுவிட்டார். பார்க்காரர் கையைக் காட்டி "இரு, தூக்கப் போகிறார்" என்றது இன்னமும் காதில் இருக்கிறது, நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். வீடியோவில் எத்தனை தடவை பார்த்தாலும் அது வேற.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பலெர்மோ ஃபைனலுக்கு வந்ததில் டிராவுக்கும், அதாவது யாரோடு யார் ஆடுவது என்று விழுந்ததற்கும், பங்கு உண்டு. அவர்களுக்குக் கியேவோ, பார்மா. நாங்கள் காலிறுதிக்கு நாபோலி ஊருக்கே போய்ப் பெனால்டியில் தப்பித்தோம், செமியில் ரோமாவை ரோமிலேயே வைத்து ஜெயித்தோம்.


வெசூவியோ வாசல்

அந்தக் காலிறுதியில் நான் நாபோலி மைதானம் சான் பாவ்லோவில் இருந்தேன். 0-0, பெனால்டி. எனக்கு முன்வரிசையில் பத்து வயதுப் பையன் ஒருவன், அப்பாவோடு வந்தவன். எங்கள் லவெட்சி அடிக்க வந்ததும் அவன் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கத் தைரியம் இல்லை, என் முகத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று. லவெட்சி தவறவிட்டார். பல்லாரோ அண்ணா, உங்களால் வாயையாவது மூட முடிந்தது, என்னால் முகத்தை மூட முடியவில்லை. அவன் கண் நிறைந்ததை ஒரு முழத் தூரத்தில் பார்த்தேன்.

ஆனால் மதுரைத் தம்பி, டிரா என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பார்மாவோடு ஆடியதும் 0-0, அதுவும் பெனால்டிதான், உங்களுக்கு நடந்த அதே கதை. நீங்கள் பெனால்டியில் ஜெயித்தால் தப்பித்த வீரம், அவர்கள் ஜெயித்தால் டிராவா? அப்புறம் செமியில் அவர்களுக்கு யார் எதிரி என்பதைச் சொல்லாமலே போய்விட்டீர்கள். ஏசி மிலான். அந்த வருஷச் சாம்பியன். உங்களை 3-0 அடித்த அதே டீம். மிலானின் மைதானம் சான் சீரோவில் இப்ராஹிமோவிச் நாலாவது நிமிடமே போட்டுவிட்டார், அங்கேயிருந்து பஸ்தோரேயும் எர்னான்டெசும் போட்டு 2-2 ஆக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மே 7-ஆம் தேதி மிலான் லீக்கை உறுதி செய்தது, 10-ஆம் தேதி பலெர்மோ மைதானம் பார்பெராவில் மில்யாச்சோ ஒன்று, போவோ பெனால்டியில் ஒன்று, மிலான் வீட்டுக்குப் போனது. இப்ராஹிமோவிச் கடைசியில் ஒன்று போட்டார், அது போதவில்லை. மிலான் கொண்டாடிக் களைத்துப் போயிருந்தது என்று சிலர் சொல்வார்கள். களைத்த டீம் 95-ஆவது நிமிடம் வரை கோலுக்கு ஓடாது.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த பலெர்மோ எங்கேயிருந்து எழுந்து வந்தது என்பது. பிப்ரவரி 27, சொந்த மைதானத்தில் உதினேசேயிடம் 7-0. சான்செஸ் நாலு, டி நத்தாலே மூன்று. டீம் உரிமையாளர் சம்பாரினி ரோஸ்ஸியை அனுப்பிவிட்டு கோஸ்மியைக் கொண்டுவந்தார், கத்தானியாவில் 4-0 வாங்கியதும் கோஸ்மியையும் அனுப்பிவிட்டுத் திரும்ப ரோஸ்ஸியையே கூப்பிட்டார். துரத்தப்பட்ட மனிதர் திரும்பி வந்து இரண்டு மாதத்துக்குள் டீமை ஃபைனலில் நிறுத்தினார். அவர் அழுதது ஏன் என்று எனக்குப் புரிகிறது. நான் நாபோலி ஆள், பலெர்மோவுக்குப் பேச எனக்கு ஒரு தேவையும் இல்லை, ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.


மலையேறும் அக்கா

அன்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல விடிய முன்னம் பலெர்மோ மலை மொன்டே பெல்லெக்ரினோ ஏறினோம், செருப்பில்லாமல். மேலே ஊர்க் காவல் புனிதை சாந்தா ரொசாலியா குகை வாசலில் இரண்டு சிசிலிப் பெடியள், ரோஸ் ஸ்கார்ஃப், கண்ணில் நித்திரை இல்லை. "நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறவர்கள், அவ உங்கள் பேச்சைக் கேட்பா, எங்களுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ" என்று கையில் தந்தார்கள். கொளுத்தினேன். கொளுத்தும்போது என் மகளின் சோதனையைத்தான் நினைத்துக் கும்பிட்டேன், அவர்கள் சொன்னது நினைவிலேயே வரவில்லை. மகள் பாஸ். இரவு ஸ்கோரைக் கேட்டபோதுதான் நெஞ்சு திக்கென்றது. இன்றைக்கும் அந்தப் படியில் நிற்கும்போது அந்தப் பெடியளிடம் வாங்கிய மெழுகுதிரி ஞாபகம் வரும்.

கூர்வா தம்பி, பெயர் விஷயத்துக்கு ஒன்று சொல்கிறேன். டிக்கெட் வாங்கப் போகும்போது பாஸ்போர்ட்டோடு பெர்மெஸ்ஸோ (தங்கும் அனுமதி), கோதிச்சே ஃபிஸ்காலே (வரி எண்) மூன்றையும் கொண்டு போங்கோ. எந்தப் பெயர் முதல், எந்தப் பெயர் கடைசி என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கோ, வாயால் சொன்னால் பிழைதான் வரும். பெயர் முழுக்க விழாவிட்டால், பிறந்த தேதியாவது சரியாக இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே நின்று பாருங்கோ, வீட்டுக்கு வந்து பார்க்கிறதில்லை. பிள்ளைகளின் டிக்கெட்டிலும் அப்படித்தான். பெர்மெஸ்ஸோவின் நகல் ஒன்று பையிலும் இன்னொன்று சட்டைக்குள்ளும் இருக்கட்டும்.

ரோமுக்கு இரவு ரயிலில் போகிறவர்கள் போர்வை எடுங்கோ, பெட்டிக்குள் ஏசி போட்டால் எலும்பு வரை குளிரும். கப்பலுக்குள் ரயில் ஏறியதும் பிள்ளைகளைக் கீழே வைத்திருக்காமல் மேல் தட்டுக்குக் கூட்டிப் போங்கோ, ஆனால் பெட்டி எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கோ, திரும்பி வரும்போது எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். ரோம் தெர்மினி ஸ்டேஷனில் இறங்கி மெட்ரோ ஏ-யில் ஃப்ளாமினியோ, அங்கே 2-ஆம் நம்பர் டிராம், கடைசி நிறுத்தம் வரை போய் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் மைதானம். மேட்ச் முடிந்ததும் அதே டிராமுக்கு ஓடாதேங்கோ, ஏற முடியாது, ஆற்றோரமாக நடங்கோ.

பல்லாரோ தம்பி, வயதானவர்களோடு மேட்ச் பார்ப்பதென்றால் இரவு மாத்திரையை ஆட்டம் தொடங்க முன்னமே கொடுத்துவிடுங்கோ. தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். கெட்ட செய்தி என்றால் முதலில் தோளில் கையை வைத்துவிட்டு அப்புறம் சொல்லுங்கோ. நானும் பதினான்கு வருஷம் இந்த வேலைதான்.


மதுரை நெராசூரி

வெசூவியோ அண்ணன் சொல்வது சரி, செமியை நான் விட்டிருக்கக் கூடாது. மிலானை வீட்டுக்கு அனுப்பியதற்கு நாங்கள்தான் முதலில் நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஃபைனலில் எட்டோ இரண்டு தடவையும் அடித்த விதத்துக்கு எந்த டீமும் ஒன்றும் செய்திருக்க முடியாது, அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.


கூர்வா நோர்த்

அக்கா, அந்த மெழுகுதிரியை மனதில் வைத்துக்கொண்டு இருக்காதேங்கோ. தோற்றும் யூரோப்பா லீக் கிடைத்தது, இன்டர் சாம்பியன்ஸ் லீக்கில் இருந்ததால். அதிலும் ஆகஸ்டில் சுவிஸ் டீம் தூனிடம் வெளியே போனோம். அதற்குள் ரோஸ்ஸி இல்லை, பஸ்தோரேயும் சிரிகுவும் பாரிஸ் போனார்கள். அப்படி ஒரு டீமை அந்த இரவுக்கு அப்புறம் பார்பெராவில் நான் பார்க்கவில்லை.


பல்லாரோக்காரன்

அக்கா, தோளில் கை வைக்கிறதை நான் யோசிக்கவே இல்லை. அவர்தான் என் கையைப் பிடித்திருந்தார்.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். அடுத்த நாள் காலை நொன்னோ எங்கள் தப்பரெல்லாவைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். எதிர்வீட்டில் கொடி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, கழற்றவில்லை என்றேன். "உண்மையைச் சொல்" என்றார். உண்மைதான், பால்கனிக் கம்பியில் ரோஸ் கறுப்பு, காற்றில் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டு கிடந்தது. திரும்பவும் கேட்டார். நான் கட்டிலை யன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போய், அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். "நிறம் தெரிகிறது" என்றார்.