பொண்ணு லக்ராஸ் ஆடுறா, நான் சைட்லைன்ல தப்பு தப்பா கத்துறேன். உங்க கதையும் சொல்லுங்க

சைட்லைன் அப்பா:
எனக்குத் தெரிஞ்சது கிரிக்கெட், கொஞ்சம் ஹாக்கி, அவ்ளோதான். லக்ராஸ்னா குச்சி நுனியில இருக்கிற வலைப்பையில பந்தைப் பிடிச்சு எறிஞ்சு கோல் போடுற ஆட்டம். இங்க அமெரிக்காவுல மேரிலேண்ட்ல தெருவுல பாதிப் பிள்ளைங்க வலை கட்டுன குச்சியோடதான் திரியுது, அதைப் பார்த்து எங்க பொண்ணும் சேர்ந்துட்டா, 11 வயசு. போன சனிக்கிழமை எதிர் டீம் பொண்ணு பந்தோட கோலைப் பார்த்து வர்றா, நம்மாளு எங்கிருந்தோ ஓடி வந்து நேரா கோலுக்கு முன்னாடி நின்னுட்டா, நான் 'சூப்பர்டா, அப்படியே நில்லு!'ன்னு கத்துறேன், அதுக்குள்ள விசில். ஃபவுல் நம்ம பொண்ணு மேல. ஆளையும் தொடல பந்தையும் தொடல, சும்மா நின்னதுக்கு ஃபவுலா?

பக்கத்துல மடக்கு சேர்ல இருந்த ஒரு பாட்டிம்மாதான் புரிய வெச்சாங்க. இதுக்குப் பேரு ஷூட்டிங் ஸ்பேஸாம். ஷூட் பண்ண வர்றவளை மார்க் பண்ணனும்னா, அதாவது கூடவே இருந்து தடுக்கணும்னா, ஒரு ஸ்டிக் நீளத்துக்குள்ள ஒட்டிப் போகணும், தள்ளி நின்னுக்கிட்டு கோலுக்குப் போற வழியை மறிக்கக் கூடாது. பந்து கெட்டி ரப்பர். கோல் காக்குற கோலிக்குத்தான் ஹெல்மெட், மத்தவங்களுக்கு கட்டாயம்னா கண்ணுக்குக் காகிள்ஸும் பல்லுக்கு மவுத்கார்டும்தான். அதைக் கேட்டதும் விசில் அடிச்ச ரெஃப் மேல இருந்த கோவமெல்லாம் போய் வயித்தைக் கலக்கிடுச்சு, பந்து வர்ற வழியில போய் 'நில்லு'ன்னு நானே சொல்லியிருக்கேன்!

அண்ணன் ஸ்டிக்:
பாட்டிம்மாவுக்குத் தெரியாம இருக்குமா ப்ரோ, உங்க மேரிலேண்ட்ல இருக்கிற பால்டிமோர் பிரின் மார் ஸ்கூல்ல ரோசபெல் சின்க்ளேர் 1926லயே பொண்ணுங்க லக்ராஸ் டீம் ஆரம்பிச்சுட்டாங்க, அந்தப் பக்கம் பாட்டிங்களும் ஆடினவங்கதான்.

நம்ம கதை வேற. காசை மிச்சம் பண்றேன்னு பையனோட பழைய ஸ்டிக்கை பொண்ணு கையில குடுத்து அனுப்பிட்டேன். மேட்சுக்கு முன்னாடி ரெஃப் ஒவ்வொரு ஸ்டிக்கா படுக்க வெச்சுப் பிடிச்சு பந்தைப் போட்டுப் பார்க்குறாங்க, பக்கவாட்டுச் சட்டத்துக்கு மேல பந்தோட தலை தெரியணும். நம்ம ஸ்டிக்ல பந்து கிணத்துல விழுந்த மாதிரி உள்ள போயிடுச்சு, பசங்க ஸ்டிக்கோட பாக்கெட், அதான் அந்த வலைப்பை, அவ்ளோ ஆழம். கடைசியில யாரோ ஒரு ஸ்டிக் கடன் குடுத்தாங்க, பொண்ணு ரெண்டு நாள் என்கூட பேசல.

மூணு எண்ணு:
நான் பசங்க ஆட்டம் பார்த்துப் பழகுனவ, அங்க இடிச்சுத் தள்ளுவாங்க. அதே நெனப்புல 'தட்டு, ஸ்டிக்கைத் தட்டு'ன்னு கத்தினேன், கோச் திரும்பி ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க. பொண்ணுங்க ஆட்டத்துல 10 வயசு வரைக்கும் இருக்கிற பிரிவுல எதிராளி ஸ்டிக்கைத் தட்டவே கூடாது. அடுத்த பிரிவுல எதிராளி ஸ்டிக் தோளுக்குக் கீழ இருந்தாதான் தட்டலாம். தலைப்பக்கம் ஸ்டிக் போகவே கூடாது, பட்டா மஞ்சள் கார்டு, 2 நிமிஷம் வெளிய. உடம்பால இடிக்கிறது பொண்ணுங்களுக்கு எந்த வயசுலயும் கிடையாது.

என் பேரு ஏன் இப்படின்னா, என் பொண்ணு டிஃபென்ஸ். கோலுக்கு முன்னாடி வளைவா வரைஞ்சிருக்கிற 8 மீட்டர் ஆர்க்குக்குள்ள யாரையும் ஒட்டி மார்க் பண்ணாம 3 செகண்டுக்கு மேல நின்னா ஃபவுல். நான் சைட்லைன்ல இருந்து ஒன்னு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருப்பேன், பக்கத்துல இருக்கிறவங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க.

கோலி அம்மா:
எனக்கு ரொம்ப நாள் புரியாதது, ஷாட் கோலைத் தாண்டி வெளிய போகுது, அப்பவும் ரெண்டு பொண்ணுங்க உயிரைக் குடுத்து எல்லைக்கோட்டுக்கு ஓடுறாங்க, குச்சியை வேற நீட்டிக்கிட்டு. பந்துதான் போயிடுச்சே எதுக்கு ஓடுறீங்கன்னு சிரிச்சேன். ஷாட் வெளிய போனா யார் அடிச்சாங்கன்னு பார்க்க மாட்டாங்களாம், கோட்டைத் தாண்டும்போது பந்துக்குப் பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்களுக்குத்தான் பந்து. இப்ப சத்தமா 'ஓடுடி'ன்னு கத்துறது நான்தான்.

சைட்லைன் அப்பா:
இந்த வாரம் கவனமா 'கிட்டப் போடா, ஒட்டிப் போ'ன்னு கத்தினேன். ஆனா அப்ப எங்க டீம்தான் ஷூட் பண்ணப் போகுது, பந்து எங்க பொண்ணுகிட்டதான் இருக்கு. திரும்பிப் பார்த்து 'அப்பா, ப்ளீஸ்'னு சொன்னா.