புதுப்பிப்பு: வால்வு டிக் டிக் சத்தமும் அழுகையும்

இதயத்தில் மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்த பிறகு ராத்திரி நெஞ்சுக்குள் டிக் டிக் சத்தம், காரணமில்லாத அழுகை என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இப்போது ஆபரேஷன் முடிந்து 11 வாரம்.

சத்தத்துக்கு, ஃபேனோடு ரேடியோவையும் சன்னமாக ஓடவிடச் சொன்ன யோசனைதான் பலித்தது. சேலத்தில் கொலுசுப் பட்டறைத் தட்டலுக்கு நடுவே தூங்கிப் பழகியவன் நான். இந்தச் சின்னச் சத்தம் எழுப்பிவிட்டது!

அழுகையை டாக்டரிடமே சொல்லுங்கள் என்றவருக்குத் தனி நன்றி. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் பலருக்கும் மனசு சோர்ந்து போகும் என்றார் டாக்டர். தினமும் நடக்கிறேன். அழுகை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

எதிர்பாராதது முருங்கைக்கீரை. உடம்பு தேறட்டும் என்று வீட்டில் தினமும் பொரியல். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2.8-லிருந்து 1.9-க்கு இறங்கிவிட்டது, எனக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். கீரையில் இருக்கும் வைட்டமின் கே, ரத்தம் உறையாமல் இருக்க நான் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரைக்கு எதிராக வேலை செய்யுமாம். டாக்டர் கீரையை நிறுத்தச் சொல்லவில்லை, வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார். மாத்திரை அளவையும் அவரே மாற்றினார். இப்போது 2.7.

மச்சான் ஏற்காட்டுக்குக் கூப்பிடுகிறார். 20 கொண்டை ஊசி வளைவு! ஆபரேஷனில் அறுத்த நெஞ்செலும்பு நன்றாகக் கூடட்டும் என்றிருக்கிறேன்.