வெளிநாட்டில் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்கு: முதல் டெர்மைப் பற்றி

விசா, டிக்கெட், வாடகை வீடு பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள், பதிலும் நிறையக் கிடைக்கிறது. வகுப்புக்குள் நுழைந்த பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஓர் ஆசிரியர் புது நாட்டில் காலூன்றுவதோ தடுமாறுவதோ அங்கேதான். அதனால் அதை முதலில் எழுதுகிறேன்.

11 வருட அனுபவத்தோடு விமானம் ஏறியவன் நான். முதல் வாரம், பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம். கேள்வி கேட்டேன், ஒரு கைகூட எழவில்லை. புரியவில்லை போலிருக்கிறது என்று விடையை நானே சொல்லிவிட்டேன். அடுத்த கேள்விக்கும் அப்படியே. மணி அடித்தபோதுதான் உறைத்தது, பீரியட் முழுக்க நான் மட்டுமே பேசியிருக்கிறேன். எதிரே இருந்த 28 பேரும் மரியாதையாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் போய், உங்கள் பாடத்தின்போது கடைசி வரிசையில் உட்காரலாமா என்று கேட்டேன். இத்தனை வருடம் வேலை பார்த்துவிட்டு இதைப் போய்க் கேட்பதா என்று கூச்சமாகத்தான் இருந்தது. அவர் உடனே சரி என்றார். அவர் வாசலிலேயே நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி உள்ளே அனுப்பினார். போர்டில் நான்கு சின்னக் கணக்குகள் ஏற்கெனவே எழுதியிருந்தன. உட்கார்ந்ததுமே எல்லோரும் அதைப் போட ஆரம்பித்தார்கள், அந்த அமைதியிலேயே அட்டெண்டன்ஸ் முடிந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டார், கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவதில் ஒரு கை எழுந்தது. தொடர்ந்து இன்னும் இரண்டு.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, பதில் சொல்லாமல் விடுவது குறைகிறது. நம் உச்சரிப்பை முதல்முறை கேட்கிற பிள்ளைகளுக்கு அந்த அவகாசம் இன்னும் அதிகம் வேண்டும். என் வகுப்பில் யாரும் மக்காக இருக்கவில்லை, நான்தான் அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை.

உச்சரிப்பை மாற்றிப் பேச முயலாதீர்கள், அது ஒரு வாரம்கூடத் தாங்காது. வேகத்தைக் குறையுங்கள். பாடத்தின் முக்கியச் சொற்களைப் போர்டில் எழுதிவிட்டு வாயால் சொல்லுங்கள். போகப்போக அவர்கள் காது பழகிவிடும். பெயர்களை நான் அந்தந்தப் பிள்ளையிடமே கேட்டு, பட்டியலில் பக்கத்திலேயே தமிழில் எழுதிவைத்தேன். எழுதியதைப் பார்த்து, இது என்ன எழுத்து, என் பெயர் இதில் இப்படியா இருக்கும் என்று ஆசையாகக் கேட்ட பிள்ளைகள் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். அது பிள்ளைகளின் பாதுகாப்பு. வீட்டில் அடிக்கிறார்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் சார் என்று ஒரு பிள்ளை வந்து நிற்கலாம். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. குடைந்து விசாரிக்கவும் கூடாது, பெற்றோருக்கு நீங்களாகப் போன் செய்யவும் கூடாது. அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, பள்ளியில் இதற்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அவர் யார் என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்வீடன் 1979லேயே வீட்டில் பெற்றோர் அடிப்பதைக்கூடத் தடை செய்துவிட்டது. பாசமாகத் தோளில் தட்டுவது, மாணவருக்குச் சொந்த நம்பர் கொடுப்பது, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பாடம் சொல்லித்தருவது, இவையும் வேலைக்கே வினையாகலாம்.

இனி காகித வேலை. கிளம்புவதற்கு முன் பி.எட். படித்த கல்லூரிக்குப் போய், பயிற்சிக் காலத்தில் பள்ளியில் எத்தனை நாள் பாடம் எடுத்தீர்கள் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். ஆஸ்திரேலியாவுக்குக் குடியேற ஆசிரியர் தகுதியை மதிப்பிடும் ஏஐடிஎஸ்எல் குறைந்தது 45 நாள் கேட்கிறது. பட்டச் சான்றிதழில் அந்த விவரம் இருக்காது, பிறகு அங்கிருந்து போன் போட்டு வாங்குவது பெரும்பாடு. இடையில் வேறு நாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால், அந்த நாட்டின் போலீஸ் சான்றிதழை அங்கே இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பிரிட்டனில் ஆசிரியர் வேலை விசாவுக்கு, கடந்த 10 ஆண்டில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த நாடுகளிலிருந்து கேட்பார்கள். பிற நாட்டு ஆவணங்களை ஏற்பது பற்றிய 1961ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் நீங்கள் போகும் நாடும் சேர்ந்திருந்தால், சான்றிதழுக்குப் பெரும்பாலும் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று நம் அரசு தரும் முத்திரை) போதும், தூதரக முத்திரை வேண்டாம். சவூதி 2022இலும் கனடா 2024இலும்தான் அதற்குள் வந்தன, அதனால் பழைய ஆலோசனைகளைப் படித்துத் தூதரகத்துக்கு அலையாதீர்கள். அமெரிக்காவுக்குப் பரிமாற்றத் திட்டத்தின் ஜே-1 விசாவில் ஆசிரியராகப் போகிறவர்களுக்கு 3 ஆண்டு, நீட்டித்தாலும் மொத்தம் 5தான். வீட்டையும் பிள்ளைகள் படிப்பையும் அந்தக் கணக்கிலேயே திட்டமிடுங்கள்.

சம்பளப் பட்டியல் மூடிய பிறகு வேலையில் சேர்ந்தால் முதல் மாதச் சம்பளம் இரண்டாவது மாதத்தோடுதான் வரும். எனக்கு அப்படித்தான் ஆனது. சேரும் தேதியைப் பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று கேட்பார்கள், வாடகைக்கு வீடு தருபவர் வங்கிக் கணக்கைக் கேட்பார். பள்ளி அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கினால் பெரும்பாலும் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும்.

கூட வருகிற கணவரையோ மனைவியையோ பற்றி யாரும் எழுதுவதில்லை. உங்களுக்காவது பகல் முழுக்கப் பேச ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அவருக்கு நாலு சுவர். நாள் முழுக்கப் பேசிக் களைத்து நீங்கள் வந்து சோபாவில் சாயும் நேரம்தான், அவர் அன்றைக்குப் பேசுகிற முதல் வார்த்தைக்கான நேரம். எங்கள் வீட்டில் முதல் இரண்டு மாதச் சண்டைகள் எல்லாம் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வந்தன. பிறகு, திருத்த வேண்டிய நோட்டுகளைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வர ஆரம்பித்தேன். வந்ததும் செருப்பைக் கழற்றாமலேயே இருவரும் அரைமணி நேரம் வெளியே நடந்துவிட்டு வருவோம். அந்த அரைமணியில் பேசுவது அவர், கேட்பது நான்.