கரையில் கணக்கெடுப்பு: யார் நடப்பது, யாருக்காக?

சொத்தவிளைக்காரன்:
குமரி மாவட்டத்தில் சொத்தவிளையிலிருந்து ராஜாக்கமங்கலம்துறை வரை கரையைக் கிலோமீட்டர் கிலோமீட்டராகப் பிரித்து, ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் பேசி வருகிறோம். மாதம் ஒருமுறையாவது அதே துண்டில் நடந்து, செத்து ஒதுங்கிய ஆமை, பறவை, அறுந்த வலை, மணலின் அகலம் எல்லாவற்றையும் எழுதி வைப்பதுதான் வேலை. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலக் கடற்கரையைத் தன்னார்வலர்கள் மைல் மைலாகப் பிரித்து இப்படித்தான் பார்த்து வருகிறார்கள். யார் யார் வருகிறீர்கள்?

பள்ளம்_வள்ளம்:
அண்ணே, நம்ம கரை அந்த மாதிரிக் கரை இல்லை. வள்ளம் ஏற்றுவது, கரமடி (கரையிலிருந்து இழுக்கும் வலை) இழுப்பது, மீன் காயப்போடுவது எல்லாம் இங்கேதான். நாகர்கோவிலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து செத்த ஆமையைப் படம் எடுத்து முகநூலில் போட்டால், மறுநாள் பழி எங்கள் தலையில் விழும். எந்த வலையில் மாட்டியது என்று அந்தப் படம் சொல்லுமா? இழுவைப் படகு செய்ததற்கு நாட்டுப்படகுக்காரன் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மணக்குடி டீச்சர்:
முகநூலில் போடக் கூடாது, அதில் தம்பி சொல்வதுதான் சரி. ஆனால் ஆமையும் நுரையீரலால் மூச்சு விடும் உயிர். நெடுநேரம் இழுக்கும் வலைக்குள் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியது வெளியே தெரிந்ததே கரையில் நடந்து எண்ணியவர்களால்தான். தேதியும் இடமும் எழுதி வைத்தால், இழுவைப் படகு கரையை ஒட்டி வந்த நாட்களோடு ஒப்பிடலாம். நாட்டுப்படகுக்கு அதைவிட நல்ல சாட்சி ஏது?

பள்ளம்_வள்ளம்:
ஆமை சரி. மணலை எதற்கு அளக்க வேண்டும்? ஆனி ஆடியில் கடல் எடுக்கும், மழை ஓய்ந்த பிறகு திருப்பித் தரும். இது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும்.

சொத்தவிளைக்காரன்:
தெரியும் தம்பி, ஆனால் தாளில் இல்லையே. ஒரு ஊரில் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டால் ஒரு பக்கம் மணல் சேர்கிறது, மறுபக்கம் அரிக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் மனு கொண்டுபோனால் ‘மழைக்காலத்தில் எப்போதும் இப்படித்தான்’ என்று பதில் வருகிறது. அதை மறுக்க நம் கையில் என்ன இருக்கிறது? குருசடி (சிலுவைக் கோயில்) படியிலிருந்து அலை ஏறி நின்ற ஈரக்கோடு வரை டேப் பிடித்து மாதாமாதம் அளந்தால் போதும். அதே இடத்தில் நின்று, அதே பக்கம் பார்த்து ஒரு படம். போன மணல் தை மாசியில் திரும்பியதா என்பது அதில் தெரிந்துவிடும். ஒரே வருடத்து அளவை வைத்து எதையும் சொல்ல முடியாது, நாலைந்து வருடம் விடாமல் எடுக்க வேண்டும். அதனால்தான் இத்தனை பேரைக் கேட்கிறேன்.

கடியப்பட்டணம் மாணவி:
2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியபோது நம் கரைக்கும் பிளாஸ்டிக் மணிகள் வந்தன. ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக, மணலோடு மணலாகக் கலந்து கிடந்தன. மேலே கிடந்ததை அள்ளினாலும் காலால் கிளறினால் உள்ளே இருக்கும். நஷ்டஈடு கேட்க வேண்டுமென்றால், அதற்கு முன் அந்தக் கரை எப்படி இருந்தது என்று காட்ட வேண்டாமா? நான் கேட்ட யாரிடமும் அந்தப் பதிவு இல்லை.

பள்ளம்_வள்ளம்:
இது நியாயமான பேச்சு. அப்படியென்றால் ஒவ்வொரு துண்டுக்கும் அந்த ஊர் ஆள் ஒருவர் கூட நடக்க வேண்டும். நோட்டு எங்கள் ஊர்க் கோயிலின் பங்குப் பேரவையில் இருக்கட்டும்.

சொத்தவிளைக்காரன்:
கூட நடப்பதில் எனக்கு முழுச் சம்மதம். நோட்டு ஊரில் மட்டும் இருப்பதில் சம்மதமில்லை. ஊர் வலையில் மாட்டிய ஆமையையும் எழுதியாக வேண்டும். நமக்குச் சாதகமானதை மட்டும் எழுதினால் எந்த அதிகாரியும் நம்ப மாட்டார்.

பள்ளம்_வள்ளம்:
எழுதுங்கள். ஆளின் பெயரோ வள்ளத்தின் எண்ணோ வரக் கூடாது.

மணக்குடி டீச்சர்:
பெயர் வேண்டாம். நோட்டு இரண்டாக இருக்கட்டும், ஒன்று பேரவையில், ஒன்று நம்மிடம். இன்னொன்று, ஆமை முட்டையை யாரும் தொடக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமை, அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. தடம் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு அவர்கள் வரும் வரை நாய் அண்டாமல் காவல் நிற்க வேண்டும். அப்புறம், கடல் சீற்ற எச்சரிக்கை வந்த நாளில் யாரும் நடக்கக் கூடாது. உள்ளூரில் காற்றே இல்லாமல் கள்ளக்கடல், அதாவது தொலைதூரப் புயல்காற்று எழுப்பிய பேரலை, ஏறும். 2024 மே மாதம் நம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிர்விட்டதை மறக்க வேண்டாம்.

பள்ளம்_வள்ளம்:
பேரவையில் நானே கேட்கிறேன் டீச்சர். சம்மதிப்பார்கள் என்று இப்போதே சொல்ல முடியாது. பெரியவர்கள் ஆமைப் பேச்சை எடுத்தாலே கோபப்படுவார்கள். முதலில் மணல் அளப்பதை மட்டும் சொல்லிப் பார்க்கிறேன். அளவு எடுப்பதென்றால் தென்மேற்குப் பருவம் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். டேப் எத்தனை மீட்டர் வேண்டும், சொல்லுங்கள்.