புதுப்பிப்பு: ஐடி வேலையை விட்டு வயரிங் வேலைக்கு வந்த கதை

ஐடி வேலையை விட்டு எலக்ட்ரீஷியன் ஆகலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். விட்டுவிட்டேன். எட்டு மாதமாக மதுரை வில்லாபுரத்தில் ஒரு வயர்மேன் அண்ணனிடம் உதவியாளாக இருக்கிறேன். சம்பளம் பழையதில் கால்வாசிகூட இல்லை. அம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான்.

போன வாரம் செல்லூரில் ஒரு வீடு. ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் தானாக அணையும் பிரேக்கர்) அடிக்கடி விழுந்துகொண்டே, அதாவது அணைந்துகொண்டே இருந்தது. "அதைக் கழற்றிப் போட்டுருங்க தம்பி" என்றார் வீட்டுக்காரர். 30 மில்லிஆம்பியர் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பதற்குத்தானே அது இருக்கிறது? உயிர் விஷயம், எனக்கு மனம் வரவில்லை. மெயினை அணைத்து, ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்து மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன். தண்ணீர் மோட்டாருக்குப் போகும் வயரில் இன்சுலேஷன் போயிருந்தது. ஐடியில் புரோகிராம் கோடில் பிழை தேடிய பழக்கம் அப்படியே கைகொடுத்தது. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், சொந்தமாக வேலை எடுக்க உரிமம் வேண்டும். அதற்குத்தான் இரவில் படிக்கிறேன். மெகரை இனி என் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் அண்ணன்.